கேம்புக்குப் போன போயா லீவு

தம்பி ஒரே ஒரு வார்த்தையில்தான் சறுக்கினான். அப்பாவுக்குப் போன் எடுத்து, "வெள்ளிக்கிழம காலைல கேம்புக்குப் போறோம்ப்பா, ரோட்டுக்கு வந்து ரெடியா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். பேசும்போது என் வீட்டு ஹோலில், எனக்கு எதிரில்தான் நின்றான். எனக்கும் அது உறைக்கவில்லை. நான் அந்த நேரத்தில் எந்தச் சாமானை எதில் கட்டுவது என்ற யோசனையில் இருந்தேன்.

தம்பி வேன் ஓட்டுகிறவன். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு வருடக் கணக்காகக் காடு காடாகச் சுற்றியவன். அவன் வாயில் கேம்ப் என்றால் கூடாரம், நெருப்பில் வாட்டிய கோழி, விடிந்ததும் யானை. எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்குக் கட்டிய அந்த வரிசை வீடுகளில், அந்தச் சொல்லுக்கு அப்படியொரு அர்த்தம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

அவன் அடுத்த மாதம் ருமேனியாவுக்குப் போகிறான். விசா வந்துவிட்டது. அவன் போனால் அப்பா ஹேவாஹெட்டப் பக்கம் தோட்டத்து லயத்தில் தனியாக இருப்பார். லயத்துக்குப் பின்னால் மலை. சுவரில் கையை நுழைக்கிற அளவுக்கு வெடிப்பு. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், இது ஆபத்தான இடம், வெளியேற வேண்டும் என்று கதவில் கடுதாசி ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கே வெளியேறுவது என்று அதில் இல்லை.

கண்டியில் என் வீட்டில் அப்பாவுக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருந்தேன். கட்டில் போட்டு, அலுமாரியில் அவருக்கென்று ஒரு தட்டு காலி செய்து வைத்திருந்தேன். எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. "பாப்போம்" என்பார். அப்பாவின் அகராதியில் பாப்போம் என்றால் வரமாட்டேன். ஆகவே நானும் தம்பியும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டோம். பௌர்ணமிக்கு விடுகிற போயா லீவு வெள்ளிக்கிழமையில் வருகிறது, சனி ஞாயிறோடு மூன்று நாள். வேன் முதலாளி கடைசியாக ஒருமுறை வேனையும் கூடாரங்களையும் தருவதாகச் சொல்லிவிட்டார். வஸ்கமுவ காட்டுக்குப் போவோம். மூன்று நாளும் அப்பா எங்கள் கைக்குள் இருப்பார். "பாப்போம்" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் நழுவ முடியாது. சம்மதம் வாங்கிக்கொண்டுதான் திரும்புவது. என் வீட்டுக்காரர் ஹோட்டலில் வேலை செய்கிறவர். ஊருக்கு லீவென்றால் அவருக்கு வேலை, அவர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத்து ரோட்டில் அப்பா நின்ற கோலத்தைப் பார்த்து நாங்கள் இருவரும் சிரித்தோம். இரண்டு உரப்பைகள் வாய் கட்டி நின்றன. சுருட்டிய பாய், அலுமினியப் பானை, மண்ணெண்ணெய் லாம்பு. கோவிலுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார்.

"என்னப்பா, வீட்டையே தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்றான் தம்பி.

"பூட்டிட்டேன்" என்றார் அப்பா.

லயத்துக் கதவுகளில் ஆட்கள் நின்று பார்த்தார்கள். பக்கத்துக் காம்பரா அத்தை தண்ணீர் ஓடும் கான் ஓரம் வரைக்கும் இறங்கி வந்து, "எங்கண்ணே?" என்று கேட்டார். காம்பரா என்பது லயத்தில் ஒரு குடும்பத்துக்கு இருக்கிற அறை. அத்தையின் சுவரும் எங்கள் சுவரும் ஒன்றுதான், வெடிப்பும் ஒன்றுதான். "கேம்புக்கு" என்றார் அப்பா. நான் அத்தைக்குக் கை காட்டினேன். வேன் புறப்பட்டது. ஏறி உட்கார்ந்ததும் அப்பா தன் போனை எடுத்து நிறுத்தி, சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

கண்டி டவுனைத் தாண்டி அக்குறணைக்கு வந்தபோது வாகனங்கள் அசையவில்லை. லீவு நாளில் அக்குறணையைக் கடப்பது தனிப் பயணம். தம்பி இறங்கி ஒரு கடையில் நூடில்ஸ், டோர்ச் பெட்டரி, கொசுவர்த்தி வாங்கிக்கொண்டு வந்தான். கடைக்காரர் வாசல் வரை வந்து வானத்தைப் பார்த்து, "இந்த மழைக்கா காட்டுக்குப் போறீங்க? அல்லாஹ் காப்பாத்தட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார்.

"எந்த ஸ்கூல்ல போட்டிருக்காங்க?"

எங்களுக்கு விளங்கவில்லை.

"இந்தப் பக்கமா கொண்டு வாறாங்க? போன தடவ நம்ம ஸ்கூல்லதானே போட்டாங்க. மத்தவங்கள எப்ப ஏத்துவாங்க, லொறி வருதா?"

தம்பி முதலில் சிரித்தான். பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தான். சிரிப்பு நின்றுவிட்டது. உரப்பைக்குள் என்ன இருக்கிறதென்று பார்க்கத் தேவையில்லை. எனக்குத் தெரியும். போர்வை, அரிசி, ஐடென்டிட்டி கார்ட், பிறப்புச் சான்றிதழ்கள், உப்பு. மலை இறங்கப் போகிறது, பிள்ளைகளுக்கு முதலில் தகவல் தெரிந்துவிட்டது, கேம்புக்குக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து மனிதர் இரவோடு இரவாகக் கட்டியிருக்கிறார். போனை நிறுத்தியதும் அதற்காகத்தான். கேம்பில் சார்ஜ் போட இடம் கிடைக்காது.

"இது அந்த கேம்ப் இல்லப்பா" என்றேன். "ட்ரிப். கூடாரம் அடிச்சு இருந்துட்டு வாறது. சும்மா."

"சும்மாவா?"

"ஆமாப்பா. சந்தோசத்துக்கு."

"அப்ப தோட்டத்துல ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்ல."

"ஒருத்தரும் கட்டலையேன்னு பாத்தேன்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் சொல் எங்களுக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பதினைந்து வயதில் மலை சரிந்து மேல் லயம் மண்ணோடு போனது. எங்கள் லயம் தப்பியது. எல்லோரையும் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பிறகு அங்கிருந்து எழுப்பி, தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் நீலக் கூடாரங்களில் போட்டார்கள். காலையில் பாண் ரொட்டியும் பருப்பும், மத்தியானம் பருப்பும் சோறும். அம்மாவை மண் தொடவில்லை. கூடாரத்தில் வந்த காய்ச்சல்தான் கொண்டுபோனது. தம்பி அப்போது சின்னவன். அதற்குப் பிறகு, புது வீடு கட்டித் தரும்வரை தற்காலிகமாக என்று சொல்லி எங்களை மறுபடியும் அதே லயத்துக்கு அனுப்பினார்கள். அந்தத் தற்காலிகம்தான் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே எனக்கு அப்பா மேல் கோபம் வந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நல்ல கோபம். அம்மா செத்த இடத்துக்குப் பெயர்தான் கேம்ப். அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு கேள்வி கேட்காமல் மூட்டை கட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கிறவர், மகள் வீட்டுக்கு வா என்றால் வரமாட்டாராம். கட்டில் போட்ட அறை கசக்கிறது, நீலக் கூடாரம் இனிக்கிறது. றிவர்ஸ்டன் மலையில் பனி இறங்கி, வேன் லைட்டைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும்போது முழுவதும் நான் இதையேதான் மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்தேன்.

காட்டுக்குள் போனது பின்னேரம். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆற்றோரம் ஒரு வெட்டை வெளியில்தான் கூடாரம் போடும் இடம். காட்டு வாசலில் எங்களோடு சேர்ந்த காவலர் சிங்களவர், வயது போனவர், குடையின் கீழ் நின்று இடத்தைக் காட்டினார். தம்பி இரண்டு கூடாரங்களையும் பிரித்து நிமிடத்தில் நிறுத்திவிட்டான். துணி பச்சை நிறம். நீலமாக இல்லையே என்று எனக்கு ஓர் ஆறுதல். உள்ளே குனிந்து போனதும் அந்த ஆறுதலும் போய்விட்டது. நனைந்த கூடாரத்து வாடை எல்லா நிறத்துக்கும் ஒன்றுதான்.

வெளியே வந்தபோது அப்பா ஒரு கட்டையால் கூடாரத்தைச் சுற்றிக் கான் வெட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் உள்ளே வராமல் வடிந்து போவதற்கு. மைதானத்தில் நாங்கள் எல்லோரும் செய்ததுதான். குனிந்து, வேட்டியை மடித்துக் கட்டி, தன் கூடாரத்தை முடித்து எங்கள் கூடாரத்துக்கு வந்துவிட்டார். அந்த ஒரு வேலையில்தான் காலையிலிருந்து முதன்முறையாக அவர் முகம் தெளிந்திருந்தது.

காவலர் ஓடி வந்தார். காட்டு நிலத்தில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டக் கூடாது, சட்டம் என்றார். கெட்ட மனிதர் இல்லை, அவருடைய வேலை அது. அப்பா கட்டையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து, "ஹரி மாத்தயா" என்றார். சரி ஐயா. தோட்டத்துத் துரையிடமும் கிளாக்கரிடமும் வாழ்க்கை முழுக்கச் சொன்ன அதே தொனி. பிறகு வெட்டிய மண்ணைக் காலால் தள்ளி மூடத் தொடங்கினார். தம்பி போய்ச் சேர்ந்து மூடினான். என்னால் பார்க்க முடியவில்லை. அடுப்பு மூட்டப் போகிறேன் என்று திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் ஜீப்பில் காடு பார்க்கப் போனோம். மழையில் நனைந்து குறுகிப்போன மயில்கள், வெகு தூரத்தில் புல்லுக்கு மேலே யானைகளின் முதுகுகள். தம்பி வெள்ளைக்காரர்களுக்குச் சொல்லும் கதைகளையெல்லாம் அப்பாவுக்குத் தமிழில் சொன்னான். அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் பார்த்தது யானையை அல்ல, மேற்கே மலைகளின் மேல் கறுத்துக் கிடந்த மேகத்தை. "அங்க ஊத்துது" என்று ஒருமுறை சொன்னார். போனில் சிக்னல் இல்லை, யாரிடமும் கேட்கவும் முடியாது.

அன்று பின்னேரம் தார்ப்பாயின் கீழ் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது நான் பேச்சை எடுத்தேன். எவ்வளவோ நயமாகப் பேச வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தும், வாயிலிருந்து வந்தது வேறு.

"கேம்புன்னா மூட்டை கட்டத் தெரியுது. மக வீடுன்னா மட்டும் கால் நகராதா?"

அப்பா கோபப்படவில்லை. கோப்பையைக் கையில் உருட்டினார்.

"கேம்புன்னா எல்லாரும் போவாங்க" என்றார். "ஒங்க வீட்டுக்குன்னா நான் மட்டும்தானே."

"எல்லாரையும் அக்கா வீட்டுல வைக்க முடியுமாப்பா?" என்றான் தம்பி.

"அதத்தான் நானும் சொல்றேன்."

அம்மாவின் நினைவு அந்த இடத்தை விட்டு அவரை வரவிடவில்லை என்று நானும் தம்பியும் இவ்வளவு நாள் நினைத்திருந்தோம். அதைப் பற்றி எங்களுக்குள் பேசி அழுதும் இருக்கிறோம். அப்பாவுக்கு அப்படியொன்றும் இல்லை. பக்கத்துக் காம்பராவில் ஆள் இருக்கும்போது தான் மட்டும் தப்பிப் போவது அவருக்கு வெட்கம், அவ்வளவுதான். என் வீட்டில் ஒழித்து வைத்திருப்பது ஒரே ஓர் அறை.

தம்பிதான் உடைந்தான். வளர்ந்த ஆம்பிளை, மீசை வைத்தவன், காவலர் பார்க்கிறார் என்ற எண்ணமே இல்லாமல் அழுதான். "நீங்க அந்த மலைக்குக் கீழ படுத்திருந்தா நான் அங்க போயி எப்படிப்பா வேல செய்றது? மழைன்னு நியூஸ்ல போட்டா நான் என்னா செய்வேன்? நான் போகல. விசாவக் கிழிச்சுப் போடுறேன்" என்றான்.

அப்பா அவன் முதுகில் கை வைத்தார்.

"கிழிக்காத" என்றார். "வாறேன். ஞாயித்துக்கெழம போயி மிச்சச் சாமானையும் எடுத்துக்குவோம்."

அன்று நான் சமைத்த நூடில்ஸ் கஞ்சியாகக் குழைந்து போயிருந்தது. மூவரும் வழித்துச் சாப்பிட்டோம். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்க்கும்போது, யாரிடமிருந்தோ எதையோ பிடுங்கிவிட்ட மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை திரும்பும் வழியில் றத்தோட்டையைத் தாண்டியதும் என் வீட்டுக்காரர் போனில் கிடைத்தார். அறையில் புது மெத்தை போட்டிருப்பதாகச் சொன்னார். அப்பாவின் போன் இன்னும் அவர் சட்டைப் பைக்குள் நிறுத்தியபடியே இருந்தது. அதை மறுபடி போட வேண்டும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தோட்டத்துக்கு வந்தபோது மழை விட்டிருந்தது. ரோட்டோரம் எல்லாம் செம்மண் தண்ணீர். லயத்தில் ஒரு சத்தமும் இல்லை. வரிசையாக எல்லாக் கதவுகளும் பூட்டியிருந்தன. ஓர் அடுப்பும் புகையவில்லை. கோழிகள் மட்டும் வாசலில் நின்றன. தம்பி மலையைப் பார்த்தான். மலை அப்படியே இருந்தது, சுவர்களும் அப்படியே இருந்தன, வெடிப்பும் அப்படியே. ஆட்களைத்தான் காணோம்.

அப்பா கீழே நடந்தார். ரோட்டோரம் சமதரையில் பிள்ளை மடுவம் இருக்கிறது, கொழுந்துக்குப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம். எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். முழு லயமும். உரப்பைகள், பாய்கள், பானைகள், மூலையில் அடுக்கிய பிளாஸ்டிக் கதிரைகள், குறுக்கே கட்டிய கொடியில் ஈரத்துணி. நோயாளித் தாத்தா ஒருவரைச் சுவரோரம் படுக்க வைத்திருந்தார்கள். பருப்பு வாடை. ஒரு நொடி எனக்கு மறுபடியும் பதினைந்து வயதாகிவிட்டது.

பக்கத்துக் காம்பரா அத்தை எழுந்து வந்தார். அப்பாவைப் பிடித்துக் குலுக்காத குறை.

"ஏண்ணே, கேம்புக்குன்னுட்டுப் போயிட்டீங்களே, என்னா ஏதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எத்தன தடவ போன் அடிச்சோம்! நிறுத்திப் போட்டிருக்கீங்க. மகளுக்கு டவுன்ல கவர்மெண்டு ஆபீஸ் வேல, சங்கதி தெரிஞ்சு ஒங்கள மட்டும் நைசா கூட்டிட்டுப் போயிட்டாங்கன்னு பேசிக்கிட்டோம். அன்னைக்கே மழையும் புடிச்சிருச்சு. பச்சப்புள்ளைகளத் தூக்கிட்டு ஓடி வந்தோம்."

நான் வேலை செய்வது ஓய்வூதியப் பிரிவில். செத்தவர்களின் பென்சனை நிறுத்துவதும், உயிரோடு இருப்பவர்களுடையதைத் தாமதமாக அனுப்புவதும் தவிர எங்களுக்கு எந்தச் சங்கதியும் முன்கூட்டியே தெரியாது. அதை யாரிடம் சொல்வது? தம்பி நடந்ததைச் சொன்னான். வெளிநாடு போகிறேன், அதற்கு முன்னே ஒரு ட்ரிப் போனோம், காட்டில் கூடாரம் அடித்து இருந்தோம் என்றான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பின்னால் நின்ற ஒருவர் மட்டும், "கூடாரத்துல இருக்கவா அவ்வளவு தூரம் போனீங்க?" என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

அத்தை என் பக்கம் திரும்பினார்.

"அப்ப ஒண்ணுமில்லையாம்மா? உள்ள போலாமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாளைக்குத் திங்கட்கிழமை, வேலை நாள். விடிந்தால் மடுவத்தைக் காலி செய்துகொடுக்க வேண்டும், கைக்குழந்தைகள் வரும். நான் ஆமென்றால் போவார்கள். இல்லையென்றால் எங்கே போவார்கள்? கதவில் ஒட்டிய கடுதாசியைவிட என் பேச்சில் அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது. அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று அத்தைக்குத் தெரியாது.

அப்பாதான் பதில் சொன்னார். "ஒண்ணுமில்ல தங்கச்சி. வெளாட்டுக்குப் போனோம். வாங்க, வாங்க, பொழுது போறதுக்குள்ள தூக்குங்க."

முதலில் யாரும் அசையவில்லை. அப்பா வேனுக்கு வந்து தன் உரப்பை ஒன்றை எடுத்துத் தோளில் போட்டார். அவர் மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொருவராகக் குனிந்து மூட்டைகளை எடுத்தார்கள். தாத்தாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டார்கள். நான் பானையைத் தூக்கிக்கொண்டு அப்பாவின் பின்னால் ஓடினேன்.

"அப்பா, வாறேன்னு சொன்னீங்களே."

"இன்னைக்கு நான் ஒன்னோட வண்டில ஏறுனா ஒருத்தரும் உள்ள போக மாட்டாங்கம்மா" என்றார் மெதுவாக. "புள்ளைகள வச்சுக்கிட்டு எங்க போவாங்க?"

"நாளைக்கு வருவீங்களா?"

"நாளைக்கும் அப்பிடித்தான்."

பூட்டைத் திறந்து உள்ளே போய் லாம்பைக் கொளுத்தினார். வாசலில் நின்று, அத்தை தன் கதவைத் திறக்கும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வரிசையாக ஒவ்வொரு காம்பராவிலும் வெளிச்சம் வந்தது. தம்பி வேன் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். அப்பா அவனுக்கும் கேட்கிற மாதிரி, விசாவைக் கிழிக்காதே, போய்ச் சேர்ந்ததும் போன் எடு என்று சொன்னார்.

தம்பி போய்விட்டான். போகாமல் என்ன செய்வது? பனியில் தொப்பி போட்ட படம் ஒன்று அனுப்பியிருக்கிறான். இங்கே மழை விடவில்லை. என் வீட்டில் அந்த அறையின் கதவைச் சாத்தி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அப்பாவுக்குப் போன் எடுக்கிறேன். வாங்கப்பா என்று இப்போது கேட்பதில்லை. மழை எப்படியென்று மட்டும் கேட்கிறேன்.

"பெய்யுதும்மா" என்கிறார். "பயப்படாத. எல்லாரும் உள்ளதான் இருக்கோம்."